பார்ஸ்னிப் தொட்டிக்கு ஈரமானி தேவையா?

பிரிட்டனில் பால்கனியிலும் கொல்லையிலும் தொட்டி வைத்து பார்ஸ்னிப் வளர்ப்பவர்கள் பேட்டரி இல்லாமல் இயங்கும் ஈரமானியை நாடுவதில் நியாயம் இருக்கிறது. கேரட் குடும்பத்தைச் சேர்ந்த இந்த வெளிர்நிறக் கிழங்கு நேராக இறங்க, பொதுவாக 45 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மண் வேண்டும். அவ்வளவு ஆழமான தொட்டியின் அடிமண்ணை விரல் எட்டாது. தூக்கிப் பார்த்து எடையை வைத்து ஈரத்தைச் சொல்லவும் முடியாது. ஆனாலும் இந்தக் கருவியின் முள்ளை மட்டும் நம்பித் தண்ணீர் ஊற்றக் கூடாது. காரணம், அது அளப்பது ஈரத்தை அல்ல.

மண்ணில் செருகும் கம்பியில் இரண்டு வேறு உலோகங்கள் இருக்கின்றன. ஈர மண் இடையில் வந்ததும் அது ஒரு சிறு மின்கலமாகிறது. அதில் உண்டாகும் மின்னோட்டம்தான் முள்ளை நகர்த்துகிறது. ஈரம் கூடினால் மின்னோட்டம் கூடும், உண்மைதான். உப்பு கூடினாலும் கூடும். காய்ச்சி வடித்த நீரில் கம்பியை நிறுத்தி, ஒரு சிட்டிகை உப்பைக் கரைத்துப் பாருங்கள்: நீரின் அளவு மாறாமலே முள் ஏறும். திரவ உரம் ஊற்றிய தொட்டியிலும் இதுதான் நடக்கிறது. காய்ந்து வரும் மண்ணுக்கும் 'ஈரம்' என்று காட்டும். கோகோபீட் கலந்த பொலபொலப்பான கலவையில் தவறு எதிர்த்திசையில் போகும். கம்பியை மண் ஒட்டிப் பிடிக்காததால், ஈரம் இருந்தும் வறட்சி என்கிறது.

பார்ஸ்னிப்புக்கு இந்தக் குறை இன்னும் பெரிது. விதை முளைக்க மூன்று, நான்கு வாரம் ஆகும். மண் குளிர்ந்திருந்தால் அதற்கு மேலும் ஆகும். அத்தனை நாளும் காயக் கூடாதது மேலே உள்ள ஒன்றிரண்டு சென்டிமீட்டர் மண். கம்பியின் நுனி அதைத் தாண்டி இறங்கியே அளக்கிறது. மேல்மண் வறண்டு முளை கருகும்போதும் முள் நடுவில் நிற்கலாம். இந்தக் கட்டத்தில் கண்ணும் விரலும் போதும்.

முளைத்த பிறகு அடி ஈரத்தை அறிய வேறு வழி ஏது என்று கேட்கலாம். சரியான கேள்வி. நெல்லுக்கு ஏற்ற காய்ச்சலும் பாய்ச்சலும் இந்தக் கிழங்குக்கு ஆகாது. காய்ந்த மண்ணில் திடீரென்று நீர் பாய்ந்தால் கிழங்கு வெடிக்கும். அங்கே ஈரமானிக்கு வேலை உண்டு, ஒப்பிட்டுப் பார்க்க மட்டும். நன்றாக நீர் ஊற்றி வடிந்தபின் முள் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொண்டு, அதே தொட்டியில் அது எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கலாம். உரமிட்ட நாட்களில் வேண்டாம். தொட்டியின் சுவரை ஒட்டியே செருக வேண்டும்; நடுவில் குத்தினால் ஆணிவேரின் நுனி அடிபட்டு, கிழங்கு கிளை பிரியும். பார்த்ததும் எடுத்துத் துடைத்துவிட வேண்டும். மண்ணிலேயே விட்டால் உலோகம் அரிக்கும். மின்தேக்குத்திறனை வைத்து அளக்கும் சென்சார்களை உப்பு அவ்வளவாக ஏமாற்றாது. ஆனால் வீட்டு உபயோகத்துக்கு விற்பவற்றில் பலவும் குட்டையானவை, அடிமண்ணை எட்டாதவை.

ஆழமான தொட்டிகள் பல வைத்திருப்பவர்கள் நீளமான கம்பி உள்ள ஈரமானியை வாங்கலாம். ஒன்றிரண்டு தொட்டிக்கு ஒரு மரக்குச்சியே போதும்: ஓரமாகச் செருகி, சற்று நேரம் விட்டு எடுத்து ஈரத்தைப் பாருங்கள். மிச்சமாகும் பணத்தில் இந்த ஆண்டுப் புது விதை வாங்குங்கள். பார்ஸ்னிப் விதையின் முளைப்புத்திறன் ஓராண்டிலேயே வெகுவாகக் குறைந்துவிடும்.