முதலெழுத்து ஒன்றானால் மூலமும் ஒன்றா?

ஊர்ப் பெயர்களுக்கும் சொற்களுக்கும் மூலம் காணும் முயற்சி ஈழத்துத் தமிழரிடையே இன்று நேற்றுத் தொடங்கியதன்று. புராணம் பாடிய புலவர்கள் அதனைச் செய்தனர், பாதிரிமார் செய்தனர், முதலியார்மாரும் பண்டிதர்களும் செய்தனர். அவர்களுட் பலரது உழைப்பு நம் மதிப்புக்குரியது. ஆனால் அவ்வுழைப்பின் நிழலிலே ஒரு விளையாட்டும் வளர்ந்து வந்திருக்கிறது. இரண்டு சொற்களின் முதலெழுத்துகள் ஒத்திருக்கக் கண்டால் அவை உடன்பிறந்தவை என்று தீர்ப்பளித்துவிடுவதும், அத்தீர்ப்பைக் கொண்டு இந்த மண் இன்னாருக்கே உரியது என்று உறுதி எழுதிவிடுவதும் அவ்விளையாட்டின் இலக்கணம். இதனைச் சிரித்து ஒதுக்கிவிடக்கூடிய காலம் கடந்துவிட்டது. ஆதலால் அதன் முறையை நாம் சற்றுக் கூர்ந்து நோக்குதல் வேண்டும்.

கொழும்புத்துறையை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாண நகரின் தென்கிழக்கே, பாசையூரை அடுத்து, பரவைக் கடலின் கரையிலே உள்ள ஊர் இது. யோகர் சுவாமிகள் 1964இல் மறையும் வரை வாழ்ந்த இடமென்று சைவ மக்கள் இதனை அறிவர். 1591இல் போர்த்துக்கேயர் படையிறக்கிய கரையென்று வரலாறு படித்தோர் அறிவர். இவை எல்லாவற்றிலும் முதன்மையாக, இது பரவைக் கடலைக் கடந்து பூநகரிக்கும், அங்கிருந்து மாதோட்டத்து வழியாகத் தெற்கே செல்வோருக்கும் பயன்பட்ட தோணித்துறை.

இவ்வூர்ப் பெயருக்குப் பொருள் கேட்டால், கொழும்புக்குப் போகும் துறை என்ற விடை உடனே வரும். வழி தெற்கே செல்வதால் அது பொருந்தக்கூடிய விடையே. ஆனால் கொழும்பு என்பதற்கு என்ன பொருள் என்று அடுத்த வினாவை எழுப்பியவுடன் காடு அடர்கிறது. கண்டி நாட்டிலே நெடுங்காலம் சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலில் ஒரு கதை சொல்கிறார். அங்கே காய்க்காத மாமரம் ஒன்று நின்றதாம். அதில் இலை மட்டுமே இருந்ததாம். ஆதலால் இலையைக் குறிக்கும் ‘கொல’ என்ற சிங்களச் சொல்லும் மாவைக் குறிக்கும் ‘அம்ப’ என்ற சொல்லும் சேர்ந்து ஊர்ப்பெயராயினவாம். பின்னர் கிறிஸ்தவர்கள் கொலம்பசின் நினைவாக அதைத் திருத்திக்கொண்டார்கள் என்றும் அவர் கூறுகிறார். முதலெழுத்து ஒற்றுமை மனிதரை எவ்வளவு தூரம் இழுத்துச் செல்லும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை. கொலம்பஸ் மேற்கே கப்பலேறியது 1492இல். 1344இல் இலங்கைக்கு வந்த இபுன் பதூதா இந்நகரைக் ‘கலன்பு’ என்று அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே குறித்துவிட்டார்.

ஐரோப்பியரின் குழப்பம் இத்துடன் முடியவில்லை. 1329இல் போப்பாண்டவர் யோர்தானுஸ் என்னும் பாதிரியாரைக் ‘கொலும்பம்’ என்ற நகரின் ஆயராக நியமித்தார். அந்நகர் நம் கொழும்பு அன்று, கேரளத்துக் கொல்லம். கடலின் இரு கரைகளிலும் ஒத்தொலித்த இரு துறைமுகங்களைப் பிற்காலத்தவர் சிலர் ஒன்றாக்கிக்கொண்டனர்.

பழைய சிங்கள இலக்கணமாகிய சிதத் சங்கராவிலே ‘கொலம்ப’ என்பது துறை என்ற பொருளில் வருவதை எடுத்துக்காட்டுவோர் உளர். களனி ஆற்றின் பெயரோடு இணைப்போரும் உளர். முன்னதை ஏற்றுக்கொண்டால் கொழும்புத்துறை என்பது துறைத்துறை என்றாகும். இது நகைப்புக்குரியதன்று. ஒரு சொல்லின் பொருள் மறந்துபோன இடத்தில் மக்கள் அதே பொருளுடைய தம் சொல்லை ஒட்டிக்கொள்வது இயல்பு. இன்றும் ‘நடுச் சென்டர்’ என்கிறோம் அல்லவா? அப்படியானால் நம் ஊர் தெற்கே உள்ள நகரிடமிருந்து பெயர் கடன் வாங்கியிருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஒரு பொதுப்பெயர் இரு கரைகளில் தனித்தனியே நிலைத்திருக்கக்கூடும்.

விரும்பினால் நாமும் ஒரு மூலத்தைக் கட்டிவிடலாம். பழந்தமிழ் இலக்கியத்தில் கொழுமீன் வருகிறது. கொழும்புத்துறையோ மீனவர் ஊர். கொழுமீன்துறை மருவிக் கொழும்புத்துறையாயிற்று என்று எழுதினால் எத்தனை பேர் மகிழ்ந்து தலையசைப்பார்கள்! முதலெழுத்து பொருந்துகிறது, பொருள் இனிக்கிறது, பழைமையும் கிடைக்கிறது. இல்லாதது ஒன்றே ஒன்று: அப்பெயர் எக்காலத்தும் வழங்கியதற்கு ஒரு கல்லெழுத்தோ ஓலையோ சான்றில்லை.

‘கொழு’ என்று தொடங்கும் சொற்களையே வரிசைப்படுத்திப் பார்ப்போம். கொழுப்பு, கொழுமை, கொழுந்து ஆகியவற்றிலே வளமும் செழுமையும் ஓடக் காண்கிறோம். கலப்பையின் இரும்பு முனையாகிய கொழுவும் அவ்வினத்ததா? கணவனைக் குறிக்கும் கொழுநனும் அவன் உடன்பிறந்த கொழுந்தனும் அவ்வினத்தவர்தாமா? இங்கே தயங்க வேண்டியிருக்கிறது. கொழுக்கிக்கு வந்தால் தயக்கத்துக்கும் இடமில்லை. அது கொளுவுதல் என்னும் வினையிலிருந்து வந்த கொளுக்கியே. விளக்குக் கொளுத்துவதைக் ‘கொழுத்துதல்’ என்று எழுதுவோர் பலர். அதற்கும் கொழுப்புக்கும் உறவில்லை. யாழ்ப்பாணத்துப் பேச்சில் ழகரம் பெரும்பாலும் ளகரமாகவே ஒலிப்பதால் எழுத்திலே இரண்டும் இடம் மாறிவிடுகின்றன. கொழும்பையே நாம் ‘கொளும்பு’ என்றுதான் சொல்கிறோம். சிங்களவர் ‘கொலம்ப’ என்கிறார்கள். அப்பெயரின் ழகரம் பிறப்போடு வந்ததா, ஏட்டிலே ஏறிக்கொண்டதா என்பதே ஐயத்துக்குரியதாக இருக்கும்போது, அதன்மேல் கொழுமையின் மாளிகையை எழுப்புவது எவ்வாறு?

மொழிகளின் உறவை ஆராயும் முறை வேறு. கால்டுவெல் 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட காலந்தொட்டு வளர்ந்துவந்த முறை அது. தமிழில் செவி என்பது கன்னடத்தில் கிவி. செய் என்பது கெய். தமிழில் பால், பல், பத்து என்பவை அங்கே ஹாலு, ஹல்லு, ஹத்து. முதலெழுத்து வேறு, மூலம் ஒன்று. வேறுபாடு சொல்லுக்குச் சொல் ஒரே ஒழுங்கில் நிகழ்வதனாலேயே உறவு உறுதிப்படுகிறது. இவ்வொழுங்கைக் காட்டாது ஒலி ஒப்புமையை மட்டும் காட்டுவது ஆராய்ச்சியாகாது. சொற்கள் யாவும் பொருளுடையன, ஆயினும் அப்பொருளுக்குரிய காரணம் பார்த்தவுடன் புலப்படாது என்ற எச்சரிக்கையைத் தொல்காப்பியரே தந்திருக்கிறார் என்பதை நம் புலவர்கள் மறந்துவிடலாகாது.

இவ்விடத்தில் நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசரைக் குறிப்பிடாது செல்ல முடியாது. 1938இலிருந்து பகுதி பகுதியாக வெளிவந்த அவருடைய சொற்பிறப்பு ஒப்பியல் தமிழ் அகராதி, 1947இல் அவர் மறைந்தபோது முற்றுப்பெறாது நின்றது. தனிமனிதர் ஒருவர் யாழ்ப்பாணத்திலிருந்து மேற்கொண்ட அம்முயற்சியின் அளவு இன்றும் வியப்பூட்டுகிறது. ஆனால் சில அடிப்படை ஒலிகளிலிருந்து வேர்கள் அனைத்தும் கிளைத்தன என்று கொண்டு, அவ்வேர்களை வடமொழி, கிரேக்கம், இலத்தீன் சொற்களோடு அவர் இணைத்த இடங்களில், ஒழுங்கான ஒலிமாற்றத்தினும் அசை ஒப்புமையே மிகுதியும் பேசுகிறது. அவருடைய புலமையை நாம் போற்றுவோம். அவருடைய அளவுகோலை அப்படியே ஏற்பதற்கில்லை. இன்னொன்றும் சொல்லவேண்டும். சிங்கள மூலமுடையனவென்று தாம் கருதிய யாழ்ப்பாண ஊர்ப்பெயர்களை அவர் மறைக்கவில்லை. அந்த நேர்மை அவருடைய பெயரைச் சொல்லிப் பெருமை பேசும் பலரிடம் இல்லை.

துறைகளின் பெயர்களுக்கு மீள்வோம். ஊர்காவற்றுறைக்குப் பழம்பெயர் ஊராத்துறை. நயினாதீவிலே கிடைத்த பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு அப்பெயரைச் சொல்கிறது. வெளிநாட்டு வணிகர் அத்துறைக்கு வந்து பாதுகாப்புப் பெறவேண்டும் என்றும், யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கும் மூன்று பங்கு உடையவனுக்கும் என்றும் விதிக்கும் அக்கட்டளையை இட்டவன் சிங்கள மன்னனாகிய முதலாம் பராக்கிரமபாகு. பொலன்னறுவை மன்னன் யாழ்ப்பாணத்துத் துறைக்குத் தமிழிலே சட்டம் எழுதியிருக்கிறான்! பாலி நூலிலே வரும் சூகரதித்த, அதாவது பன்றித்துறை, இவ்வூரே என்பர். சிங்களத்தில் ‘ஊரா’ என்றால் பன்றி. பிற்காலத் தமிழர் அதை ஊர் காவல் துறையாக்கினர். போர்த்துக்கேயரோ அங்கிருந்து யானைகள் ஏற்றப்பட்டதைக் கண்டு யானைகளின் இறங்குதுறை என்றனர். இறங்குதுறையைக் குறிக்கும் அவர்கள் சொல்லே ‘கயிற்ஸ்’ என இன்றும் வழங்குகிறது. பன்றி, காவல், யானை என்று பொருள்கள் மாறி மாறி ஏறி இறங்கின. மாறாது நின்றது துறையும் அங்கே சுமை ஏற்றிய தொழிலாளியுமே.

மாதோட்டமும் அத்தகையதே. பாலியில் மகாதித்த, சிங்களத்தில் மாதொட்ட. பெருந்துறை என்பது பொருள். தமிழ்ச் செவிக்கு அது தோட்டமாகக் கேட்டது. புராணக்காரருக்கு அதுவும் போதாமல், துவட்டா என்னும் தேவதச்சன் வழிபட்ட தலமாயிற்று. சிங்களத் ‘தொட்ட’வும் தமிழ்த் துறையும் தகர முதலின, பொருளும் ஒன்றே. ஆயினும் தொட்ட வடமொழித் தீர்த்தத்தின் உறவு. துறை திராவிடச் சொல். மூலத்தால் ஒன்றல்லாத இவ்விரு சொற்களும் ஒரே கரையில் ஒரே தொழிலைக் குறித்து வாழ்ந்தன. அக்கரையின் மக்கள் வரலாறும் அதுவே.

நீர்கொழும்பிலே இதனைக் கண்ணாரக் காணலாம். தமிழில் கொழும்பின் பெயரைத் தாங்கிய அவ்வூர் சிங்களத்தில் மீகமுவ. அங்குள்ள மீனவருட் பலர் தம்மைச் சிங்களவர் என்று கொள்வர். ஆனால் அவர்களிடையே தமிழ் வீட்டுமொழியாக வழங்கிவந்திருக்கிறது. அவர்களை எந்த முதலெழுத்தின்கீழ் அடைப்பது?

இத்தகைய சிக்கலான வரலாற்றை இரு இனவாதங்களும் வெறுக்கின்றன. வலிகாமம் சிங்கள ‘வெலிகம’வே என்று ஒருவர் எழுதுவார், ‘வெலி’ என்றால் மணல். இல்லை, அது தமிழ் வலிமையே என்று மற்றொருவர் எழுதுவார். முன்னவர் கூற்று மெய்யென்றே வைத்துக்கொள்வோம். அதனால் பெறப்படுவது, அம்மணற்பரப்புக்கு ஒரு காலத்தில் அம்மொழியினரும் பெயரிட்டனர் என்பது மட்டுமே. அங்கே வெங்காயமும் புகையிலையும் பயிரிட்டு, கிணறு தோண்டி, தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவன் வெளியேறவேண்டும் என்பது அதனால் பெறப்படாது. பின்னவர் கூற்று மெய்யானாலும் இன்னொருவரை அயலாராக்கும் உரிமை எவருக்கும் கிடைத்துவிடாது.

இதனை ஏட்டுச் சண்டை என்று எண்ணுவோர் மணலாற்றை நினைவுகூர்தல் நன்று. 1984ஆம் ஆண்டின் இறுதியிலே அப்பகுதித் தமிழ்க் கிராமங்களின் மக்கள் வெளியேற்றப்பட்டனர். 1988இல் அது வெலிஓயா என அரசாங்க ஏட்டில் ஏறிற்று. வெலி மணல், ஓயா ஆறு. மொழிபெயர்ப்பிலே ஒரு பிழையும் இல்லை. பெயரின் பொருள் இம்மியும் மாறாதிருக்க, வயலுக்குரியவன் மாறிப்போனான். சொல்லுக்கு மூலம் காண்பதால் மட்டும் மண்ணின் வழக்கு தீராது என்பதற்கு இதுவே போதும்.

கொழுந்து என்ற சொல்லை மீண்டும் நோக்குவோம். அதன் பிறப்பு தமிழ் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. மலையகத்திலே அதனைப் பறித்து நாட்டின் பொருளாதாரத்தைத் தாங்கிய மக்களின் குடியுரிமையை 1948ஆம் ஆண்டுச் சட்டம் பறித்தபோது, அந்தத் தூய தமிழ்ச்சொல் அவர்களுக்கு என்ன காவல் தந்தது? அச்சட்டத்துக்குக் கைதூக்கியவருள் தமிழரும் இருந்தனர் என்பதை வரலாறு மறக்கவில்லை.

சொல்லாராய்ச்சி வேண்டாம் என்பது நம் கருத்தன்று. அது பெருகவேண்டும்; கல்லெழுத்தும் ஒல்லாந்தர் பதிவும் தோணிக்காரர் வழக்கும் ஒருங்கே வைத்து ஆராயப்படவேண்டும்; சிங்களமும் பாலியும் கற்ற தமிழறிஞரும், தமிழ் கற்ற சிங்கள அறிஞரும் ஒரு மேசையில் அமரவேண்டும். அவ்வாராய்ச்சி அரசர்களையும் தேவர்களையும் தேடுவதை விடுத்து, துறைகளுக்குப் பெயரிட்ட மீனவரையும் படகோட்டியையும் தேடவேண்டும். கொழும்புத்துறையின் மூலம் நாளை எதுவென்று தெளிந்தாலும் அதனை நாம் மகிழ்ந்து ஏற்போம். அங்கு வாழ்வோரின் உரிமை அந்த முடிவுக்காகக் காத்திருக்கவில்லை. அவர்களுடைய உழைப்பே அதற்கு ஆதாரம்.