ஷம்புவின் வியர்வைத் துளி

மும்பையின் முலுண்டில் வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு வீட்டில் தமிழ், தெருவில் மராத்தி, பள்ளியில் ஆங்கிலம். மூன்றும் அரைகுறையாக இருக்கும் வயதிலேயே டிங்கிள் சிறுவர் இதழின் பயந்தாங்கொள்ளி வேட்டைக்காரன் ‘ஷிகாரி ஷம்பு’ அந்தப் பிள்ளைக்குப் புரிந்துவிடுகிறான். தலையைச் சுற்றித் தெறிக்கும் நாலு வியர்வைத் துளி போதும், பயந்துவிட்டான் என்று தெரிந்துவிடும். சித்திரக்கதைக் குறிகள் மொழி கடந்தவை என்பதற்கு இதையே சான்றாகச் சொல்கிறார்கள். அந்தப் பெருமை முழுவதும் துளிக்குச் சேருமா?

அனந்த் பையை ஆசிரியராகக் கொண்டு 1980இல் மும்பையில் பிறந்தது டிங்கிள். லூயிஸ் பெர்னாண்டஸ் எழுத, வசந்த் ஹல்பே வரைய, 1983இல் ஷம்பு வந்தான். அவன் தொப்பி கண்களை மூடியே இருக்கும். உணர்ச்சி காட்ட ஓவியருக்கு வாய்த்த முதல் கருவியே கையில் இல்லை. புலி எதிர்ப்பட்டதும் ஷம்பு நிற்கும் நிலையை நினைத்துப் பாருங்கள்: மடங்கும் முழங்கால், பின்னால் சாயும் தொந்தி, கோணும் வாய், விறைக்கும் மீசை. துளிகளை அழித்துவிட்டாலும் அச்சம் அப்படியே இருக்கும். உடம்பை மறைத்துவிட்டுத் துளிகளை மட்டும் வைத்தால் வெயிலா, ஓட்டமா, பயமா என்று சொல்ல முடியாது.

அமெரிக்க ஓவியர் மார்ட் வாக்கர் 1980இல் இத்தகைய குறிகளுக்குப் பெயர் சூட்டி ஓர் அகராதியே வெளியிட்டார். விளையாட்டான, சுவையான முயற்சிதான். ஆனால் வியர்வைக்கு ஒரே பொருள் கிடையாது என்பது நமக்குப் பழைய செய்தி. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலில் நெற்றி வியர்ப்பது காதலின் அறிகுறி.

அந்த இயல் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளையே, அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகளையே, அளவுகோலாக வைத்துப் பார்க்கலாம். அச்சம், மருட்கை (வியப்பு), வெகுளி (சினம்) ஆகிய மூன்றும் சட்டென்று எழுபவை. துளி, வியப்புக்குறி, தலைக்கு மேல் புகைச்சுருள் என்று குறிகள் இவற்றை நன்றாகவே தாங்குகின்றன. அழுகைக்கும் கண்ணீர் இருக்கிறது. ஆனால் விம்மி அடக்கும் துயரம் அதில் வராது. இழிவுணர்வான இளிவரலும் பெருமிதமும் குறிகளுக்கு எட்டுவதே இல்லை. தற்செயலாக விலங்கு பிடிபட்டு, ஊரே புகழும்போது ஷம்புவின் பெருமிதத்தை நிமிர்ந்த நெஞ்சுதான் காட்டியாக வேண்டும்.

1967இல் தொடங்கிய ‘அமர் சித்திரக் கதை’ என்ற சித்திரக்கதை வரிசையில் இந்தக் குறிகள் அபூர்வம். அங்கே துயரத்தை முகமும் நிற்கும் நிலையும் சொல்ல வேண்டும். பல இடங்களில் அவை சொல்லி முடிக்கும் முன்பே கட்டத்தின் மேலுள்ள வாசகம் குறுக்கிட்டுவிடுகிறது. அதைவிட ஹல்பேயின் வழியே மேல் என்பது என் தீர்ப்பு. உடம்பை முழுதாகப் பேசவிட்ட பிறகே அவர் துளியைத் தெறிக்கவிடுகிறார். கண்ணே இல்லாத முகத்தில் அச்சம் தெரிவது அதனால்தான்.