மலைவீதியும் சுமைதாங்கிகளும்

யப்பானிய மரச்செதுக்கு அச்சோவியம் என்றதும் பூஜி மலையையும் பேரலையையும் நினைப்போரே மிகுதி. கிஸோ மலைவீதி ஓவியத் தொகுதி அத்துணைப் புகழ் பெறவில்லை. எனினும் மக்கள் கலை பற்றிப் பேசும் நாம் முதலில் காணவேண்டியது அதனையே என்பேன்.

இன்று தோக்கியோ எனப்படும் எடோவிலிருந்து கியோத்தோ வரை மலைகளினூடே சென்ற அவ்வீதியில் 69 தங்கல் நிலையங்கள் இருந்தன. 1835 அளவில் எய்சென் தொடங்கிய தொகுதியில் அவர் வரைந்தவை 24. எஞ்சியவை ஹிரோஷிகேயின் ஆக்கங்கள்.

ஹிரோஷிகேயின் படங்களில் மலையினும் மனிதரே நம்மை நிறுத்துகின்றனர். ஓயி நிலையத்தில் கொட்டும் பனியிடையே இருவர் குதிரைமீது செல்ல, குதிரைக்காரர் தலைகுனிந்து நடக்கின்றனர். மியானொகோஷியில் நிலவும் மூடுபனியும் கலந்த இரவில் ஏழைக் குடும்பமொன்று குழந்தைகளைச் சுமந்தவாறு பாலங் கடக்கிறது. நியெகவாவில் ஒரு விடுதி. அதன் பலகைகளில் எழுதியிருப்பவை பதிப்பாளரின் பெயரும், மரத்தைச் செதுக்கியவர், அச்சிட்டவர் ஆகியோரின் பெயர்களுமாம். விளம்பரந்தான், ஐயமில்லை. ஆயினும் ஓவியனுக்கு மட்டுமே உரியதென எண்ணப்படும் புகழில் கைவினைஞரும் இங்கே பங்கு பெறுகின்றனர்.

இத்தொகுதி மறைப்பதையும் சொல்லியாக வேண்டும். வீதியோரக் கிராமங்கள் பிரபுக்களின் பயணங்களுக்கு ஆளும் குதிரையும் அனுப்பக் கட்டாயப்படுத்தப்பட்டன. இச்சுமையைப் பிற கிராமங்களுக்கும் விரிக்க முயன்றபோது, 1764-65இல் விவசாயிகள் திரண்டெழுந்தனர். அரசு அத்திட்டத்தைக் கைவிட்டது. தணிக்கை முத்திரையின்றிப் படம் விற்க முடியாத நாட்டில் ஹிரோஷிகே இதனை வரைந்திருக்க இயலாது. களைப்பை வரைந்தார்; அதன் காரணத்தை வரையவில்லை.

நம் நாட்டிற்கும் இது அந்நியமான கதையன்று. 1820களில் ஆளுநர் பாண்ஸ் அமைத்த கொழும்பு–கண்டி வீதிக்கு மலையை வெட்டியோர் இராசகாரியமென்னும் ஊதியமற்ற கட்டாய உழைப்பினர். கடுகண்ணாவைக் கோபுரமோ பொறியாளர் கப்டன் டோசனை நினைவுகூர்கிறது. அதற்கும் முன்னரே, உப்பையும் கருவாட்டையும் பொதிமாடுகளில் ஏற்றி, தவளம் தவளமாகக் கிழக்குக் கரையிலிருந்து கண்டி மலைநாட்டுக்கு நடந்த முஸ்லிம் வணிகர் பலர். திரும்பும்போது பாக்குக் கொணர்ந்தனர். கல்முனைப் பாடசாலைகளில் சித்திரம் கற்பிக்கும் நண்பர்கள் இந்தத் தவளப் பாதையை மாணவரிடம் வரையக் கொடுக்கலாம். பொதியின் பாரத்தோடு, அதன் விலையை நிர்ணயித்தவர் யாரென்பதும் படத்தில் இடம்பெறட்டும்.