ஜாக் ஸ்பாரோவின் விரல்கள்

‘பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்’ முதல் படத்தின் கடைசிக் கட்டத்தில், குகைக்குள் ஒரு பெட்டி நிறைய அஸ்டெக் தங்கக் காசுகள். கொல்லன் வில் டர்னரின் கழுத்தில் கத்தி. கொள்ளையன் ஜாக் ஸ்பாரோ பெட்டியருகே நின்று எதிரிக் கொள்ளையன் பார்போசாவிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஒரு பிடி காசை அள்ளி, ஒவ்வொன்றாக உள்ளே போடுகிறான். முதல்முறை பார்க்கிறவர்கள் அவன் முகத்தைத்தான் பார்ப்பார்கள். மறுமுறை விரல்களைப் பாருங்கள்: எல்லாக் காசும் திரும்பி விழுவதில்லை. சற்று நேரம் கழித்து பார்போசாவின் வாள் அவன் மேல் பாய, தள்ளாடிக்கொண்டே நிலவொளிக்குள் போகிறவன் எலும்புக்கூடாகத் தெரிகிறான். ஒளித்து வைத்த ஒற்றைக் காசு எலும்பு விரல்களின் மேல் உருண்டு விளையாடுகிறது. திருடியவனைச் சாக விடாத சாபக் காசைத் திருடி, சாபத்தையே கவசமாக மாட்டிக்கொண்டுவிட்டான்.

கோர் வெர்பின்ஸ்கி இயக்கிய முதல் மூன்று படங்களும் (2003, 2006, 2007) திரும்பத் திரும்பப் பார்க்கத் தாங்குவதற்குக் காரணம் இந்த விரல் வேலைதான் என்பது என் கட்சி. கப்பல்களும் பீரங்கிகளும் ஒரு தடவைக்குப் போதும். ஜானி டெப்பின் தள்ளாட்டம்கூட, அதற்கு ஆஸ்கர் பரிந்துரையே கிடைத்திருந்தாலும், பழகிவிடும் சமாசாரம். பழகாதது அடியில் ஓடும் பேரம். யாருக்கு என்ன வேண்டும், அது இப்போது யார் கையில் இருக்கிறது, அதை வாங்க எதைக் கொடுப்பார்கள் என்ற கணக்கை டெட் எலியட்டும் டெர்ரி ரோஸியோவும் காட்சிக்குக் காட்சி எழுதி வைத்திருக்கிறார்கள். தள்ளாட்டம் அந்தக் கணக்கை மறைக்கும் திரை.

கொல்லன் பட்டறைச் சண்டையை எடுத்துக்கொள்வோம். வில்லின் வாள்வீச்சைப் புகழ்ந்து, கால் வைக்கும் முறையைச் சோதிப்பதாகச் சொல்லி ஜாக் அவனைச் சுற்றி வருகிறான். வாத்தியார் பாடம் எடுப்பதுபோல் தோன்றும். சுற்றி முடிந்ததும் பார்த்தால் ஜாக் வாசல் பக்கம், வில் உள்ளே! வில் வாளை எறிந்து கதவை அடைக்காவிட்டால் சண்டை அங்கேயே முடிந்திருக்கும். சண்டையின் இறுதியில் ஜாக் துப்பாக்கியை நீட்டுகிறான். ஆனால் சுட மனமில்லை, அந்தக் குண்டு வேறொருவனுக்கு என்கிறான். படம் முடியும்போது அது பார்போசாவின் நெஞ்சில் பாய, அவன் கையிலிருந்த ஆப்பிள் உருண்டு போகிறது. அந்தச் சண்டையில் வீண் அசைவு ஒன்றுகூட இல்லை. இந்தப் படத்தில் வாள்சண்டை ஆசானாக இருந்தவர் பாப் ஆண்டர்சன். எரால் ஃப்ளின்னுக்கே பயிற்சி கொடுத்தவர்.

ஃப்ளின் பெயர் வந்ததால் ஒரு வேறுபாட்டையும் சொல்லிவிடலாம். அவர் நடித்த ‘கேப்டன் பிளட்’ (1935) படத்தில் அடிமையாக விற்கப்பட்ட மருத்துவன் கடற்கொள்ளையன் ஆகிறான். நம்மவர்கள் அதே கதையை ‘ஆயிரத்தில் ஒருவன்’ (1965) மணிமாறனாக, எம்.ஜி.ஆர். முகத்தோடு அறிவார்கள். இரண்டிலும் நியாயம் எந்தப் பக்கம் என்பதில் சந்தேகமே கிடையாது. வாள் அதை நிரூபிக்கிறது, அவ்வளவுதான். வெர்பின்ஸ்கி படங்களில் நியாயம் அப்படி ஒரே பக்கம் நிற்பதில்லை. இரண்டாம் படத்தில் சாபம் பெற்ற கப்பல் தலைவன் டேவி ஜோன்ஸின் இதயம் இருக்கும் பெட்டிக்காக மூன்று பேர் மோதுகிறார்கள். வில்லுக்கு அப்பாவை மீட்க வேண்டும். முன்னாள் கடற்படை அதிகாரி நாரிங்டனுக்கு இழந்த பதவி வேண்டும். ஜாக்குக்கு ஜோன்ஸிடம் பட்ட பழைய கடன் தீர வேண்டும். மூன்றுமே நியாயமான ஆசைகள்தான். கடற்கரையில் தொடங்கி, உருண்டோடும் ஆலைச் சக்கரத்தின் மேல் போய் நிற்கிற அந்தச் சண்டையில் இருவர் கூட்டு அரை நிமிடம்கூட நிலைப்பதில்லை. யாருக்கு எது வேண்டும் என்று ஓரமாக நிற்கும் இரண்டு கொள்ளையர்கள் நமக்கு விளக்கியும் விடுகிறார்கள். படத்தின் சூத்திரத்தையே பகிரங்கமாகச் சொல்லிவிடும் துணிச்சல் அது. அந்த அமளியில் இதயம் ஜாக்கின் மண்ஜாடிக்குப் போவதும், அந்த ஜாடியின் மேல் நாரிங்டன் கண் விழுவதும் இரண்டாம் தடவைதான் முழுசாகப் புலப்படும்.

மூன்றாம் படம் குழப்பம், ஏறத்தாழ மூன்று மணி நேர இழுவை என்ற புகார் உண்டு. நீளம் பற்றிய புகார் சரிதான். கடல் தேவதை கலிப்ஸோவின் கதையைப் பாதியாக வெட்டியிருந்தாலும் நஷ்டம் இல்லை. குழப்பம் என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். ஒவ்வொருவரும் மற்ற எல்லோரையும் ஏமாற்றுகிற கதை முதல் தடவையிலேயே தெளிவாக இருந்தால் அங்கே ஏமாற்று ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தம். சரித்திரப் பிழை என்றும் சொல்வார்கள்: படத்தில் எதிரியாக வரும் கிழக்கிந்தியக் கம்பெனியின் வாணிப உரிமை நன்னம்பிக்கை முனைக்குக் கிழக்கே இருந்தது, கரீபியனில் அதற்கு வேலையில்லை. உண்மை. ஆனாலும் கடலையே கணக்குப் புத்தகத்தில் அடக்கப் பார்க்கும் பெக்கெட் போன்ற எதிரிக்கு அந்தக் கம்பெனியைவிடப் பொருத்தமான முதலாளி கிடையாது. சென்னைக் கோட்டையைக் கட்டியதும் அதே கம்பெனி என்பதால் நமக்கு இது சட்டென்று உறைக்கும். கொள்ளையர் சபையில் சும்பாஜி ஆங்கிரியா என்றொரு இந்தியத் தலைவனும் உட்கார்ந்திருக்கிறான். மராட்டியக் கடற்படையின் ஆங்கரே குடும்பத்தைக் கொள்ளையர் என்று ஆங்கிலேயர்கள் எழுதி வைத்ததன் எதிரொலி அந்தப் பெயர்.

பதில் இல்லாத ஆட்சேபம் ஒன்றும் இருக்கிறது. இரண்டாம் படம் ஒரு தீவு மக்களை நரமாமிசம் தின்பவர்களாகக் காட்டுகிறது. டொமினிக்காவின் கரீப் மக்களின் தலைவர் அப்போதே எதிர்ப்புத் தெரிவித்தார். காலனி ஆதிக்கம் பரப்பிய பழியை அந்த ஆதிக்கத்தையே எதிரியாக வைத்த படம் சிரிப்புக்காக மறுபடி சொல்வது மன்னிக்கத்தக்கதல்ல. எத்தனை தடவை பார்த்தாலும் அந்தப் பகுதி உறுத்தத்தான் செய்யும்.

2011, 2017 படங்கள் ஏன் இப்படித் தாங்கவில்லை என்பதும் என் கட்சிக்கு ஆதாரம்தான். டெப் இருக்கிறார், தள்ளாட்டம் இருக்கிறது; வில், அவன் காதலி எலிசபெத் போல வெளிப்படையாக ஒன்றை விரும்பி அதற்காகத் தோற்கவும் துணிகிறவர்கள் கதையின் நடுவே இல்லை. எதிரே ஆள் இல்லாமல் பேரம் படியாது. மாறாக, மூன்றாம் படத்தின் மணல்திட்டுக் காட்சியைப் பாருங்கள். கடலுக்கு நடுவே, வெஸ்டர்ன் படங்களை நினைவூட்டும் கிட்டார் ஒலிக்க, இந்தப் பக்கம் மூவர், அந்தப் பக்கம் மூவர். டேவி ஜோன்ஸ் கரையில் கால் வைக்கக் கூடாது என்பதால் தண்ணீர்த் தொட்டிக்குள் நிற்கிறான். கணினியில் உருவான முகம்தான், ஆனால் அந்த எரிச்சலில் பில் நையின் நடிப்பு அப்படியே தெரிகிறது. எலிசபெத் ஜாக்கைக் கொடுத்து வில்லைக் கேட்கிறாள். ஒரு வாளும் மோதாமல் இரண்டு ஆட்கள் இடம் மாறுகிறார்கள். இந்த மாற்றத்தில் தனக்குத்தான் லாபம் என்று அந்த ஆறு பேரில் யார் யார் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதை அடுத்த முறை முகம் முகமாகப் பாருங்கள், பெக்கெட்டிலிருந்து தொடங்கலாம்.