நாளுக்கொரு தசை

நாற்பதைத் தாண்டியபின் முதன்முறையாக ஜிம்முக்குப் போகிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். சர்க்கரையோ முதுகுவலியோ துரத்திப் போனாலும் போனது நல்லதுதான். ஆனால் சேர்ந்த அன்றே அவர்களிடம் தரப்படும் சார்ட் நல்லதல்ல: திங்கள் செஸ்ட், செவ்வாய் பேக், புதன் ஷோல்டர், வியாழன் பைசெப்ஸ், வெள்ளி ட்ரைசெப்ஸ், சனி லெக். கேள்வி கேட்டால் மாஸ்டர்கள் பலரும் சொல்லும் பதில், “சாம்பியன்ஸ் எல்லாம் இப்படித்தான் பாடி ஏத்தினாங்க” என்பது.

இம்முறைக்கும் சில நன்மைகள் உண்டு. தினம் வேறு வேலை என்பதால் சலிப்புத் தட்டாது. கூட்டம் மிகுந்த ஜிம்மில் கருவிகளைப் பங்கிடுவதும் எளிது. வாரத்தின் மொத்த செட்கள் சமமாக இருந்தால், ஒரே நாளில் முடித்தாலும் பிரித்துச் செய்தாலும் தசை வளர்ச்சியில் பெரிய வேறுபாடில்லை என்று ஆய்வுகளும் காட்டுகின்றன. பல ஆண்டுகள் பழகியவர் தாராளமாக இதைப் பின்பற்றலாம்.

புதியவரின் நிலை வேறு. முதல் சில வாரங்களில் கூடும் பலத்தில் பெரும்பங்கு நரம்புகளால் வருவது. எந்தத் தசையை எப்போது இறுக்குவது, எடையின்கீழ் எப்படி நிலைகுலையாமல் நிற்பது என்பதை உடல் அப்போதுதான் கற்கிறது. அடிக்கடி செய்தால்தான் அது படியும். வாரத்துக்கு ஒருமுறை மட்டும் ஏறி உட்கார்ந்தால் சைக்கிள் வசப்படுமா? ஸ்குவாட்டும் அப்படியே. சார்ட் கொடுக்கும் வாய்ப்போ மாதத்துக்கு நான்கு.

முதல் திங்கள்கிழமையே பாருங்கள். ஃப்ளாட், இன்க்ளைன், டிக்ளைன், ஃப்ளை என்று நெஞ்சுக்கே பதினைந்து செட் போகும். மறுநாள் சட்டைக்குள் கையை நுழைக்கவே முடியாது. புதன், வியாழன் போவதில்லை. வேலை, பள்ளி, கல்யாணம் என்று வாரத்தில் இரண்டு நாள் தவறுவது இந்த வயதில் இயல்பு. ஒருநாள் தவறினாலும் அந்தத் தசைக்கு இரண்டு வாரம் வேலையில்லை. பெரும்பாலும் தவறுவது சனிக்கிழமை. அதாவது கால்.

என் நெடுநாள் ஆத்திரம் இங்கேதான். உடலின் மிகப் பெரிய தசைகள் தொடையிலும் இடுப்பிலும் இருக்கின்றன. தரையிலிருந்து எழவும் படியேறவும் முதுமையில் விழாமல் நிற்கவும் அவையே துணை. 1990-இல் பாஸ்டனில் 90 வயதையொட்டிய முதியோருக்கு வாரம் மூன்று நாள் தொடைத் தசைக்கு எடைப்பயிற்சி கொடுத்தார்கள். எட்டே வாரத்தில் அவர்களின் கால் பலம் சராசரியாக 174 விழுக்காடு கூடியது. தொண்ணூறு வயதுக் கால்களுக்கு வாரம் மூன்று நாள் கிடைத்தது. நாற்பத்தைந்து வயதுக்காரருக்கோ, கிடைத்தால் சனிக்கிழமை!

சாம்பியன்களைக் காட்டுவதும் செல்லாது. 1951-இல் மிஸ்டர் யுனிவர்ஸ் பட்டம் வென்ற ரெக் பார்க், தொடக்கநிலையினருக்கு வகுத்தது வாரம் மூன்று நாள் முழு உடல் பயிற்சி. அவரைத் தன் ஆதர்சமாகக் கொண்ட அர்னால்ட் ஸ்வார்ஸ்நெகர், உச்சத்தில் இருந்தபோதும் ஒவ்வொரு தசையையும் வாரம் இரண்டு மூன்று முறை வருத்தியவர். நம் பழைய தேகப்பயிற்சிச் சாலைகளிலும் தண்டாலும் பஸ்கியும் தினமும் சேர்ந்தே நடந்தன. பஸ்கிக்குத் தனிக்கிழமை ஒதுக்கியவர் இல்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலும் முக்கியத் தசைத்தொகுதிகள் அனைத்துக்கும் வாரம் குறைந்தது இரண்டு நாள் வேலை கேட்கிறது. இத்தனைக்குப் பிறகும் அந்த சார்ட் கைமாறிக்கொண்டே இருப்பதற்கு, புதியவரின் உடலைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தெரியவில்லை.

மாற்று கடினமானதல்ல. திங்கள், புதன், வெள்ளி. ஒவ்வொரு நாளும் ஒரு ஸ்குவாட், ஒரு தள்ளுதல், ஒரு இழுத்தல், இடுப்பை மடக்கித் தூக்கும் ஒரு பயிற்சி. ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று செட், எட்டு முதல் பன்னிரண்டு ரெப்ஸ். சுலபமானதும் கொஞ்சம் எடை கூட்டலாம். ஒருநாள் தவறினாலும் மற்ற இரண்டு நாள் முழு உடலுக்கும் வேலை கொடுக்கும். பணம் கட்டிச் சேர்கிறவர் முதல் நாளே மாஸ்டரிடம் இதைக் கேட்டு வாங்க வேண்டும். தர மறுக்கும் ஜிம்மில் சேரவே வேண்டாம்.