நல்ல நோக்கம் இருந்தால் நல்ல பாட்டு ஆகிவிடுமா?

ஆசிரியர் நண்பர்களே, திறனாய்வு எழுதச் சொன்னால் நம் மாணவர்கள் பலர் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். “நல்ல காரியத்துக்காகச் செஞ்சது, அதனால நல்லாத்தான் இருக்கு” என்று முடித்துவிடுகிறார்கள். நோக்கத்தையும் படைப்பையும் பிரித்துப் பார்க்கப் பழக்குவதற்கு, உயர்நிலை மூன்று வகுப்பில் நான் பயன்படுத்தும் இசைத்தொகுப்பு ‘ரிதம்ஸ் டெல் முண்டோ: கியூபா’.

2006இல் வந்தது. இயற்கைப் பேரிடர்களில் பாதிக்கப்பட்டோருக்கும் பருவநிலை மாற்றப் பணிகளுக்கும் நிதி திரட்ட, ‘ஆர்ட்டிஸ்ட்ஸ் புராஜெக்ட் எர்த்’ என்ற அறநிறுவனம் வெளியிட்டது. பிரபலமான ஆங்கிலப் பாடல்களைக் கியூப இசைக்கலைஞர்கள் தங்கள் பாணியில் வாசித்திருக்கிறார்கள். ராக் இசையின் இரைச்சல் ஒதுங்கிவிட, பியானோவும் காங்காவும் டிரம்பெட்டும் முன்னுக்கு வருகின்றன.

முதலில் கோல்ட்பிளே குழுவின் ‘கிளாக்ஸ்’ கேளுங்கள். உடனே பிடித்துப்போகும். ஏன்? மூலப் பாடலின் பியானோவே எட்டு எண்ணிக்கையை 3, 3, 2 என்று பிரித்துத்தான் ஓடுகிறது. மேசையில் “தகிட தகிட தக” என்று தட்டிப் பாருங்கள், புரிந்துவிடும். கியூப இசையின் அடிப்படைத் தாளங்களுள் ஒன்றான ‘டிரெசிலோ’வும் இதே கணக்குதான். ஆக, கியூபக் கலைஞர்கள் வெளியிலிருந்து எதையும் கொண்டுவந்து ஒட்டவில்லை. பாட்டுக்குள் ஏற்கெனவே இருந்ததை நம் காதுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

ஆர்க்டிக் மங்கீஸ் குழுவின் ‘டான்சிங் ஷூஸ்’ அப்படியில்லை. பாடகரின் படபடப்பான குரல் ஒரு பக்கம், தாளக்கருவிகள் இன்னொரு பக்கம். ஒரே அறையில் இரண்டு வகுப்பு நடப்பதுபோல் இருக்கிறது.

எனக்கு நிறைவு தந்தவை கியூபப் பாடகர்களே பாடியவை. ‘கில்லிங் மீ சாஃப்ட்லி’ பாடும் ஒமாரா போர்ட்டுவோண்டோவுக்கு அப்போது எழுபது வயதுக்கு மேல். குரலை எங்கேயும் தள்ளவில்லை, அவசரப்படவும் இல்லை. இப்ராஹிம் ஃபெரர் பாடிய ‘ஆஸ் டைம் கோஸ் பை’ இத்தொகுப்பில் வெளிவந்தபோது அவர் உயிரோடு இல்லை. 2005 ஆகஸ்டிலேயே காலமாகிவிட்டார். அதைத் தெரிந்துகொண்டு மறுபடியும் கேளுங்கள்.

ஒரு மாணவி கேட்டாள்: “டீச்சர், காசு நல்லதுக்குத்தானே போகுது, குறை சொல்லலாமா?”

சொல்லலாம், சொல்லவும் வேண்டும். உதவி பெறுபவருக்குப் பணம் போய்ச் சேர்ந்தால் போதும். கேட்பவருக்குப் பாட்டு வேண்டும். “நல்ல மனசுக்காரங்க” என்று மட்டும் பாராட்டினால், அந்தக் கியூபக் கலைஞர்களை நன்கொடையாளர்களாகத்தான் பார்க்கிறோம். எந்தப் பாட்டு பொருந்தியது, எது ஒட்டவில்லை என்று காது கொடுத்துச் சொன்னால்தான் அவர்களைக் கலைஞர்களாக மதிக்கிறோம்.

வகுப்பில் இரண்டு பாடல்களைப் போட்டுக் காட்டுங்கள்: ‘கிளாக்ஸ்’, ‘டான்சிங் ஷூஸ்’. “நல்ல நோக்கம்” என்ற சொல்லைப் பயன்படுத்தாமல் ஒரு பத்தி எழுதச் சொல்லுங்கள். முதல் ஐந்து நிமிடம் பேனா நகராது. பிறகு எழுதுவது உண்மையான திறனாய்வாக இருக்கும்.