இரண்டு மில்லிமீட்டரும் ஒரு பெருவெள்ளமும்

20 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 22 மில்லிமீட்டர் துளை. எஃகுக் கட்டுமானத்துக்கான நம் ஐ.எஸ். 800 தரநிலை வழக்கமான துளைக்குத் தரும் சலுகை அவ்வளவுதான். கான்கிரீட்டில் சிறு பிசகு நேர்ந்தால் பூச்சு மூடிவிடும். எஃகில் அப்படியில்லை, உத்தரம் கிரேனில் தொங்கிக்கொண்டிருக்க, கீழே ஒருவர் காஸ் கட்டரைத் தேடி ஓடுவார்.

அந்த ஓட்டத்தைத் தவிர்க்க வந்ததுதான் ‘பிம்’ எனும் கட்டடத் தகவல் மாதிரி. எஃகு, கான்கிரீட், குழாய், மின்தடம் எல்லாவற்றையும் ஒரே முப்பரிமாண மாதிரியில் சேர்த்தால், எது எதில் முட்டுகிறது என்பது கணினியிலேயே தெரிந்துவிடும். துளையிடும் இயந்திரத்துக்கான கோப்பையும் அதிலிருந்தே எடுக்கலாம். காஷ்மீரில் செனாப் ரயில் பாலத்தின் 467 மீட்டர் வளைவு, இரு கரையிலிருந்தும் நீண்டுவந்து 2021 ஏப்ரலில் நடுவானில் இணைந்தது. அதன் எஃகு விவர வரைவு டெக்லா மென்பொருளில் நடந்தது. அந்த அளவு வேலைக்கு மாதிரி தேவையா என்ற விவாதமே வீண்.

சிக்கல் நடுத்தர வேலைகளில்தான். ஆலோசகர் மாதிரி செய்கிறார். டெண்டர் முடிந்த பிறகே எஃகு உறுப்புகளைச் செய்து தரும் ஃபேப்ரிகேட்டர் வருகிறார். அவர் கைக்குக் கிடைப்பதோ தாள் வரைபடம். அதைப் பார்த்து அவர் இன்னொரு மாதிரி செய்கிறார். ஒரே கட்டடத்துக்கு இரண்டு மாதிரி, இரண்டுக்கும் செலவு. முரண்பட்டால் ஒப்பந்தப்படி செல்லுபடியாவது கையெழுத்திட்ட தாள்தான். ஆள் இல்லாமல் இப்படி நடக்கவில்லை. சென்னையிலும் கோவையிலும் திருச்சியிலும் உட்கார்ந்து அமெரிக்கக் கட்டடங்களுக்கு எஃகு விவரம் வரைகிறார்கள் நம் பிள்ளைகள். அந்தத் திறமையைக் கேட்டு வாங்கும் வழக்கம்தான் இங்கே வேரூன்றவில்லை.

இனி, மாதிரியால் ஆகாதது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் திறக்கப்பட்டது. தென்பெண்ணையில் அணைக்கும் மணலூர்பேட்டைக்கும் இடையே, அகரம்பள்ளிப்பட்டில் சுமார் 16 கோடி ரூபாயில் கட்டிய பாலம் அடித்துச் செல்லப்பட்டது. திறந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. சுமார் 54,000 கன அடிக்கே வடிவமைத்ததாக அரசுத் தரப்பு சொன்னது. அது கான்கிரீட் பாலம். பழியை பிம் மீது போடுவது நியாயமாகாது. ஆனால் அங்கே எஃகுப் பாலத்தையே எவ்வளவு நுணுக்கமான மாதிரியில் வரைந்திருந்தாலும், 54,000 என்ற எண் தவறு என்று எந்த மோதல் சோதனையும் சிவப்பு காட்டியிருக்காது. உறுப்பு உறுப்போடு முட்டுகிறதா என்றுதான் அது பார்க்கும். ஆற்றின் கணக்கு அதற்கு வெளியே இருக்கிறது.

ஆகவே என் தீர்ப்பு நிபந்தனையோடுதான். ஃபேப்ரிகேட்டரை வரைவுக் கட்டத்திலேயே அழைத்து, மாதிரியே செல்லும் என்று ஒப்பந்தத்தில் எழுதினால் பிம் போட்ட காசை மீட்கும். இரண்டும் இல்லையென்றால் அது கூட்டத்தில் சுழற்றிக் காட்டும் வண்ணப்படம். மணலூர்பேட்டைக் கடைவீதியில் நாலு தூண் நட்டுத் தகரக் கூரை போடுபவரிடம் இதைக் கொண்டுபோக வேண்டாம். அவருக்கு டேப்பும் மூலைமட்டமும் போதும், நல்ல வெல்டர் ஒருவர் கிடைத்தால்.